ஏழு மணிக்கு நான், பத்து மணிக்கு உங்கள் தங்கை

கர்த்தருக்குள் பிரியமான பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நீங்களும் வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவனுக்கு, தெரிந்தே ஒரு தவறான வாக்கியத்தை எழுதக் கை வரவில்லை. ஆகவே திருத்தி எழுதுகிறேன்: உங்கள் தங்கை சுகம். நான் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடைசியாக இங்கே வந்திருந்தபோது எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆராதனைதான். பிறகு புதுப் போதகர் வந்தார். தங்கமான மனுஷர், ஆனால் சண்டை என்றால் அவருக்கு ஆகாது. பாதிப் பேர் ஆர்கனும் ஞானப்பாட்டும்தான் வேண்டும் என்றார்கள், மீதிப் பேர் கிட்டாரும் டிரம்ஸும் இல்லாவிட்டால் வரமாட்டோம் என்றார்கள், அவர் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு ஆராதனையை இரண்டாக வெட்டிவிட்டார். ஏழு மணிக்குப் பழைய பாட்டு, பத்து மணிக்குப் புதுப் பாட்டு. நான் ஏழு மணி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஏழு மணிக்கு நாங்கள் பத்தொன்பது பேர். ஆர்கன் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர், அவசரம் என்பதே அவரிடம் கிடையாது, ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருவதற்குள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்ளலாம். பாட்டில் ஆறு சரணம் இருந்தால் ஆறையும் பாடுவோம். யாரும் கை தட்டமாட்டோம். முன்வரிசையில் இரண்டு பேர் தூங்குவது உண்மைதான், ஆனால் ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் அவர்களும் சரியாக விழித்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர்தான் ஒழுங்கு.

முதல் இரண்டு வாரம் உங்கள் தங்கையும் என்னோடுதான் வந்தாள். மூன்றாவது ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன், இவள் சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

“என்ன, இன்னும் கிளம்பலையா?” என்றேன்.

“நீங்க போங்க. நான் பத்து மணிக்குப் போறேன்.”

“அங்க டிரம்ஸ் அடிக்கிறாங்கம்மா!”

“தெரியும். அதுக்குத்தான் போறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவளே விளக்கினாள். “முப்பத்திநாலு வருஷமா உங்க பக்கத்துல நின்னு பாடுறேன். ஒரு பாட்டையாவது முழுசாப் பாட விட்டிருக்கீங்களா? சுருதி இறங்கினா ஒரு இடி. வார்த்தை மாறினா ஒரு இடி. அங்க நான் தப்பாப் பாடினா யாருக்கும் கேக்காது. எனக்கே கேக்காது. நிம்மதியாப் பாடிட்டு வருவேன்.”

மச்சான், நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? இடி என்று அவள் சொல்வது முழங்கையால் லேசாக ஒரு தட்டு. ஜாடை. பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியாது. தப்பைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, அது தொழிலில் வந்த பழக்கம். அதற்காக ஒருத்தி சபையின் நேரத்தையே மாற்றிக்கொள்வாளா?

அன்று முதல் எங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி நடக்கிறது தெரியுமா? வீட்டுக்கு இருப்பது ஒரே சாவி. நான் ஆராதனை முடிந்து டாக்டரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பி வருவேன், அவள் கதவைப் பூட்டிக்கொண்டு எதிரே வருவாள், சலவைக்கடை முனையில் சந்திப்போம். அவள் சாவியை என் கையில் கொடுப்பாள், நான் குடையை அவள் கையில் கொடுப்பேன். “அடுப்ப அணைச்சாச்சு,” என்பாள். “பிரசங்கம் நல்லா இருந்துது,” என்பேன். அவ்வளவுதான், அவள் கிழக்கே, நான் மேற்கே. தொழிற்சாலையில் ஷிஃப்டு மாறுகிறவர்கள்கூட இதைவிட அதிகம் பேசிக்கொள்வார்கள். சலவைக்கடைக்காரர் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏன் சார், ரெண்டு பேரும் வேற வேற மதமா?” என்று கேட்டுவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

சரி, போகட்டும், இரண்டு மாதத்தில் காது வலித்துத் தானே திரும்பி வந்துவிடுவாள் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போதகர் ஒரு படிவத்தை நீட்டிவிட்டார். மாதக் கடைசிக்குள் ஒவ்வொருவரும் ஏழா பத்தா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும், அதன்படிதான் நாற்காலி போடுவார்களாம், அதன்படிதான் சபைப் பட்டியல் அச்சாகுமாம், அப்புறம் மாற்றம் கிடையாதாம். உங்கள் தங்கை பத்து என்று எழுதி, மை காய்வதற்குள் கொடுத்துவிட்டாள். பட்டியல் அச்சானால் நான் இரண்டாம் பக்கம், அவள் ஒன்பதாம் பக்கம், விலாசம் மட்டும் ஒன்று. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பட்டியல் கிடக்கட்டும் மச்சான், உங்களிடம் சொல்வதற்கு என்ன, ஏழு மணிக்கு என் இடது பக்கம் காலியாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை. பாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை எப்போதும் அவள்தான் பிடித்துக்கொள்வாள். இரண்டு கையாலும் நானே பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

இந்த நிலைமையில்தான் போதகர் வீடு தேடி வந்தார். பத்து மணி ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுகிறார்கள் அல்லவா, அதில் பிழை மலிந்து கிடக்கிறதாம், நான் கொஞ்சம் பார்த்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகுமாம். பதினான்கு பாட்டைக் காகிதத்தில் எடுத்து வந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகு சிவப்புப் பேனாவைத் தொட்டே இரண்டு வருடமாகிறது. அதோடு, பாட்டுகள் ஒழுங்காக இருந்தால் உங்கள் தங்கைக்கும் என் அருமை தெரியும் என்று ஒரு நப்பாசை. மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டைப் பார்த்ததும் பகீர் என்றது. “உம் நிழல் எனக்குப் போதும்” என்ற ஒரு வரி பதினாறு தடவை வருகிறது! அச்சகத்தில் ஒரு வரி இரண்டு தடவை வந்துவிட்டால் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கும்பிடு போட்டுக் கேட்பார், “ஐயா, கண்ணு நல்லாத் தெரியுதா?” என்று. கூறியது கூறல் குற்றம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு பதினைந்தை அடித்தேன். “ஓ... ஓ... ஓ...” என்று எட்டு இடத்தில் இருந்தது, யாரோ விசையில் கையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள் என்று அவற்றையும் எடுத்தேன். மற்ற இரண்டு வரிகளுக்கும் இதே கதிதான், நாற்பத்திநாலு வரிப் பாட்டு மூன்று வரியாயிற்று. எவ்வளவு கச்சிதம்! கடைசியில் முறைப்படி “முற்றும்” போட்டேன். பொருள் தெளிவில்லாத இடங்களில், எந்தப் புரூஃப் ரீடரும் செய்கிறபடி, ஓரத்தில் கேள்வி எழுதி வைத்தேன். பிறகு சபை அலுவலகத்தில் டைப் அடிக்கும் அம்மாவிடம் கட்டைக் கொடுத்து, “காகிதத்துல என்ன இருக்கோ, அது அப்படியே வரணும். சொந்தமா ஒரு எழுத்தச் சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது,” என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்த அம்மா என் சொல்லை அப்படியே கேட்டார். அதுதான் வினை.

அந்த ஞாயிறு, என் கைவண்ணத்தைப் பார்க்கலாமே என்று பத்து மணிக்கும் போய், பின்சுவரில் தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் மறைந்து நின்றேன். முந்நூறு பேர். மேடையில் பாட்டு நடத்துபவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், ஆளும் ஒரு இடத்தில் நிற்கமாட்டார், குரலும் நிற்காது. முதல் பாட்டை ஆரம்பித்தார். மூன்று வரி. நாற்பது விநாடி. அவர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, அடுத்த வரிக்காக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், திரையில் பெரிதாக “முற்றும்” என்று வருகிறது. இந்த ஜனங்கள் திரையில் எது வந்தாலும் பாடுகிறவர்கள் மச்சான். “முற்றும்” என்று இழுத்துப் பாடிவிட்டு, முந்நூறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். டிரம்ஸ்காரருக்கு அப்போதுதான் கை சூடேறியிருந்தது, அவர் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். பாட்டு அரை மணி நேரம் போகும் என்று பக்கத்து அறையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த போதகர் டம்ளரோடு ஓடி வந்தார்.

அது போதாதென்று லிஃப்ட்காரர் சமாளிப்பதற்காக அதே பாட்டை மறுபடியும் எடுத்தார். எடுக்கிற வேகத்தில், திரையை ஓட்டிக்கொண்டிருந்த டைப் அம்மா ஒரு பக்கம் கூடுதலாகத் தள்ளிவிட்டார். “உம் நிழல் எனக்குப் போதும்” என்று கூட்டம் பாடிற்று. அடுத்து, தனிப் பக்கமாக, என் ஓரக்குறிப்பு, நல்ல கொட்டை எழுத்தில்: “எந்த நிழல்? காலையா, மாலையா? ஆசிரியர் கவனிக்கவும்.”

பாடிவிட்டார்கள். அய்யோ, என்ன சொல்வேன், ராகம் தப்பாமல் பாடிவிட்டார்கள்! லிஃப்ட்காரர் முதலில் ஒரு நொடி திகைத்தார், அப்புறம் புது வரி என்று நினைத்து, “இன்னொரு தடவ!” என்று கையைச் சுழற்றினார். “எந்த நிழல்? காலையா, மாலையா?” என்று பெண்கள் கேட்க, “ஆசிரியர் கவனிக்கவும்” என்று ஆண்கள் பதில் சொல்ல, ஆறு தடவை போயிற்று. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு ஆழமான வார்த்தை!” என்றார். போதகர் அதைத் தேடுகிற ஆத்துமாவின் கேள்வி என்று சொல்லிப் பிரசங்கத்திலேயே சேர்த்துக்கொண்டார். அந்த அமளியில் ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மூன்றாவது வரிசையில் உங்கள் தங்கை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, காலையா மாலையா என்று தொண்டை கிழியப் பாடுகிறாள். சுருதி எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. முப்பத்திநாலு வருடத்தில் இவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பது எனக்குத் தெரியாது. நம்பினால் நம்புங்கள், கேட்க நன்றாகவே இருந்தது.

ஆறாவது தடவையில் அவள் நிறுத்திவிட்டாள். திரையைப் பார்த்தாள். திரும்பி, முந்நூறு தலைக்கு மேலே, நேராகத் தீயணைப்பு உருளையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“எந்த நிழல்னு கேட்டது நீங்கதானே?”

“அது ஓரக்குறிப்பும்மா. அத டைப் அடிக்கக் கூடாது.”

“கடைச் சீட்டுல சோப்புன்னு எழுதினா, ‘எந்தச் சோப்பு? கவனிக்கவும்’னு எழுதி வைக்கிற ஆளு நீங்க. எனக்குத் தெரியாதா? நாலு பேரோட நின்னு வாயத் தொறந்து பாட எனக்குன்னு ஒரு இடம் கிடைச்சுதேன்னு இருந்தேன். அங்கயும் வந்து திருத்திட்டீங்களே.”

மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா, “கூறியது கூறல்...” என்று ஆரம்பித்தேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் சாவிக்கடைக்குப் போய் இன்னொரு சாவி வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இனி சலவைக்கடை முனையிலும் சந்திக்க வேலையில்லை. மழை வந்தால் நனைந்துகொள்கிறேன், குடையும் வேண்டாம் என்றுவிட்டாள். சாப்பாடெல்லாம் நேரத்துக்கு வருகிறது, குறை சொல்ல முடியாது. “சாப்பாடு வச்சிருக்கு” என்கிறாள். யார் வைத்தது, யாருக்கு வைத்தது, ஒன்றும் கிடையாது.

ஆகவே மச்சான், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். அவள் கையைப் பிடித்து என் கையில் கொடுத்தவர் நீங்கள். உலகத்தில் அவள் மறுபேச்சுப் பேசாத ஆள் நீங்கள் ஒருவர்தான். மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. கொஞ்சம் கண்டிப்பாக ஒரு கடிதம் போடுங்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆராதனையில் உட்காருவதுதான் முறை, உடனே ஏழு மணிக்கு மாற்றிக்கொள் என்று எழுதுங்கள். உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று அந்தக் கடிதத்தை நானே எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு தடவை பார்த்துவிட்டேன், பிழை கிடையாது. உங்கள் கையெழுத்தில் பார்த்து எழுதினால் போதும். “என் அன்புத் தங்கையே, உன் கணவர் எப்பேர்ப்பட்டவர்” என்று தொடங்கும் பத்தி கொஞ்சம் நீளம்தான். அதைச் சுருக்கவேண்டாம். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் அக்காவுக்கும், பிள்ளைகளுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காத்து, முழங்கால் வலியையும் குறைப்பாராக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி நாலு நாளாகிறது. உறை ஒட்டியாகிவிட்டது, தபால் பெட்டி வரைக்கும் இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். இப்போது ஞாயிறு மத்தியானம். உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன், கிழிந்திருப்பதற்கு மன்னிக்கவும். காலையில் ஏழு மணி முடிந்து பழக்கத்தில் சலவைக்கடை முனையில் போய் நின்றேன். அவள் வரவில்லை, வேறு தெரு வழியாகப் போய்விட்டாள் போலிருக்கிறது. கால் மணி நேரம் நின்றேன். இஸ்திரிக்காரர் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மேலே மேகம் வேறு. சரி, குடையையாவது கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கோவிலுக்கே திரும்பி நடந்தேன். வாசலில் இடம் காட்டுகிறவர், வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், என்னை யாரென்று தெரியாமல் நிறுத்தினார்.

“சார், எல்லாம் ஃபுல்லு. பின்னாடி நிக்கிறீங்களா?”

“அதோ, மூணாவது வரிசையில ஒண்ணு காலியா இருக்கே,” என்றேன்.

“அதக் கேக்காதீங்க சார். அந்தம்மா பைய வச்சு இடம் போட்டிருக்காங்க. வாரா வாரம் நானும் கேட்டுப் பாக்கறேன், ஆளு வருது, ஆளு வருதுங்கறாங்க. பத்து வாரமாச்சு, அந்த ஆளு வந்தபாடில்ல. எத்தன பேர் நிக்கிறாங்க பாருங்க. யாரு சார் அப்படிப்பட்ட ஆளு?”

அவரைத் தாண்டி நடந்தேன். போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “பத்துன்னா பத்து. இப்ப மணி பத்து அஞ்சு,” என்றாள். உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது, ஒரே வரி பதினொரு தடவை, எண்ணினேன், ஏழாவது தடவை எண்ணுவதை விட்டுவிட்டுப் பாடினேன். பக்கத்தில் அவளுக்குச் சுருதி இறங்கிற்று. டிரம்ஸையும் மீறி எனக்குக் கேட்டது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன்.

ஆகவே நீங்கள் அவளுக்கு ஒன்றும் எழுதவேண்டாம். இணைத்த கடிதத்தையும் எடுத்துவிட்டேன். படிவத்தில் பத்து என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. உங்கள் கண்டிப்பு வீணாகவேண்டாம் என்று நினைத்தால், பல் டாக்டருக்கு வேண்டுமானால் ஒன்று எழுதுங்கள். இனிமேல் ஏழு மணிக்குப் பதினெட்டுப் பேர்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை, என் கடைவாய்ப் பல் ஒன்று அவரிடம் பாதி வேலையில் நிற்கிறது. உங்கள் தங்கை இதை எழுதும்போது பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனை விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். “என்ன, இப்ப சந்தோஷமா?” என்று கேட்டேன். “எங்க சந்தோஷம்? ஆராதனை முடியற வரைக்கும் பைய மடியில வச்சு மடியில வச்சுக் கால் மரத்துப் போச்சு,” என்கிறாள்.